எட்டு சேனலில் ஆறு எங்கே? சிறிய கச்சேரிக்கு மிக்ஸர் வாங்குவோருக்கு

காட்பாடியில் எங்கள் தெருவில் ஒரு பஜனைக் குழு இருக்கிறது. நான் பாட மாட்டேன். ஒயர் இழுப்பதும் நிகழ்ச்சி முடிந்ததும் அதைச் சுருட்டுவதும் என் வேலை. பல ஆண்டுகள் வாடகை மைக் செட்டை நம்பியிருந்தோம். ஒரு மார்கழிக்கு முன்பு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பல மைக்குகளின் ஒலியை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸர் ஒன்றைச் சொந்தமாக வாங்கினோம். பெட்டியின் மேல் பெரிதாக ‘8 சேனல்’ என்று அச்சிட்டிருந்தது. பாட இருவர், ஆர்மோனியம், தபலா, புல்லாங்குழல், கீபோர்டு என்று நாங்கள் மொத்தமே ஆறு பேர். எட்டு தாராளம் என்று கணக்குப் போட்டோம்.

மார்கழி முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெட்டியைப் பிரித்தேன். முதல் மைக்கைச் செருகினேன், இரண்டாவதையும் செருகினேன். மூன்றாவதைச் செருக இடம் இல்லை. மிக்ஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் கையில் தன் மைக்கை வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, எட்டு என்றாயே, மீதி ஆறு எங்கே?”

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பெட்டியில் இருந்ததும் பொய் இல்லை. ‘சேனல்’ என்ற சொல்லை அவர்கள் ஒரு பொருளில் சொல்கிறார்கள், நாம் வேறு பொருளில் கேட்டுக்கொள்கிறோம். அந்த ஆறு எங்கே போயிற்று என்று தெரிந்துகொண்டால் மிக்ஸர் வாங்குவதில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

சத்தத்தைக் கூட்டுவது மிக்ஸர் இல்லை

முதலில் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘பெரிய மிக்ஸர் வாங்கினால் சத்தம் அதிகமாக வரும்’ என்று பலர் நினைக்கிறார்கள். இதற்குக் காரணம் கோவில் திருவிழாக்களில் நாம் பார்த்து வளர்ந்த மைக் செட் ஆம்ப்ளிஃபையர். முன்பக்கம் வரிசையாக மைக்குக்கான திருகுகள், கடைசியில் மொத்தச் சத்தத்துக்கு ஒன்று, பின்பக்கத்திலிருந்து நேராகக் குழாய் ஸ்பீக்கருக்கு ஒயர். கலப்பதும் சத்தத்தைப் பெருக்குவதும் அங்கே ஒரே பெட்டிக்குள் நடந்தன. அதனால் இரண்டும் ஒரே வேலை என்று மனத்தில் பதிந்துவிட்டது.

உண்மையில் அவை இரண்டு வேலைகள். ஸ்பீக்கரின் கூம்பை முன்னும் பின்னும் அசைக்கும் பலத்தைத் தருவது ஆம்ப்ளிஃபையர். அதற்கு முன்னால் நிற்பது மிக்ஸர். பல இடங்களிலிருந்து பல அளவுகளில் வரும் ஒலிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, திருத்தி, ஒன்றாகச் சேர்த்து அனுப்புவது அதன் வேலை. இப்போது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ‘ஆக்டிவ் ஸ்பீக்கர்’ என்பது ஆம்ப்ளிஃபையரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் ஸ்பீக்கர். அது உங்களிடம் இருந்தால் சாதாரண மிக்ஸரே போதும். ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த ‘பவர்டு மிக்ஸர்’ வாங்கினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவர்களாவீர்கள்.

கிணற்று நீரும் ஏரி நீரும்

நம் பக்கத்துக் கழனிகளுக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வரும். ஏரியில் தண்ணீர் இருந்தால் மதகைத் திறந்தால் போதும், தானாகவே வாய்க்காலில் ஓடிவரும். கிணறு என்றால் அப்படி வராது. அறுபது எழுபது அடி ஆழத்தில் கிடக்கும் தண்ணீரைப் பம்ப் செட் போட்டு மேலே தூக்க வேண்டும். வாய்க்கால் மட்டத்துக்கு வந்த பிறகுதான் மடை திறப்பது, மடை அடைப்பது எல்லாம்.

மிக்ஸருக்கு வரும் ஒலியும் இப்படி இரண்டு வகை. கீபோர்டு, செல்போன், மின்னணு சுருதிப்பெட்டி ஆகியவற்றிலிருந்து வரும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவில், அல்லது அதில் சில பங்காக இருக்கும். அது ஏரி நீர். இந்த மட்டத்துக்கு ‘லைன்’ என்று பெயர். மைக் அப்படி இல்லை. பாடுபவரின் குரல் ஒரு மெல்லிய தகட்டை அசைக்க, அந்த அசைவிலிருந்து பிறப்பது ஒரு சில மில்லிவோல்ட் மட்டுமே. மேடைகளில் எங்கும் காணப்படும் ஷூர் எஸ்எம்58 மைக் ஓரளவு உரத்த ஒலிக்குத் தருவதே இரண்டு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதாவது லைன் மட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. அது ஆழக் கிணற்று நீர். அதை நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு தூக்கினால்தான் வாய்க்காலுக்கு வரும்.

மிக்ஸருக்குள் அப்படித் தூக்கும் பம்ப் செட்டின் பெயர் ‘ப்ரீஆம்ப்’. அதை நன்றாகச் செய்யப் பணம் செலவாகும், இடமும் பிடிக்கும். ஆகவே சிறிய மிக்ஸர்களில் எல்லா வாய்க்காலுக்கும் பம்ப் செட் வைப்பதில்லை. சிலவற்றுக்கு மட்டும் வைத்துவிட்டு, மற்றவற்றை ஏரிப் பாசனத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

எந்த வாய்க்காலில் பம்ப் இருக்கிறது என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம். மூன்று ஊசிகள் நுழையும் வட்டமான துளை இருந்தால் பம்ப் உண்டு. இதன் பெயர் எக்ஸ்எல்ஆர். மைக் செட்காரர்கள் ‘கேனன்’ என்பார்கள். கடைகளில் ‘பி-38’ என்று கேட்டு வாங்கும் கால் அங்குல ஜாக்குக்கான துளை மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் லைன். அதில் மைக்கைச் செருகினால் ஒலி வரவே வராது, அல்லது பக்கத்து ஊரிலிருந்து பாடுவதுபோல் வரும்.

பெட்டியின் மேல் உள்ள எண்

இப்போது அந்த ஆறைத் தேடுவோம். எங்கள் மிக்ஸரில் பம்ப் உள்ள சேனல் இரண்டு. மீதி மூன்றும் ஸ்டீரியோ லைன் சேனல்கள். ஸ்டீரியோ என்றால் இடம், வலம் என இரண்டு துளைகள். ஆனால் திருகு ஒன்றுதான். மேடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு வாய்க்கால். பெட்டி அச்சடிப்பவர் அதை இரண்டாக எண்ணுகிறார். இரண்டும், மூன்று இரட்டை ஆறும் சேர்ந்தால் எட்டு. ஆர்மோனியப் பெரியவர் கேட்ட ஆறு அங்கேதான் இருந்தது, மைக்குக்கு உதவாத வடிவில்.

இது ஒரு கம்பெனியின் தந்திரம் இல்லை; இந்தத் தொழிலில் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். யமஹாவின் எம்ஜி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 சேனல் என்று வரும் எம்ஜி10எக்ஸ்யூவில் மைக் செருக நான்கு இடம். எம்ஜி12எக்ஸ்யூவில் ஆறு. எம்ஜி16எக்ஸ்யூவில் பத்து. விவரத் தாளில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். பெயரில் உள்ள எண்ணைப் படிக்கும் நாம் அந்த வரியைப் படிப்பதில்லை.

ஆகவே கடையில் ‘எத்தனை சேனல்?’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை மைக் ப்ரீஆம்ப்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லக் கடைக்காரர் தயங்கினால் நீங்களே கேனன் துளைகளை விரலால் எண்ணுங்கள். ஆனால் ஒலி வெளியே போவதற்கும் சில மிக்ஸர்களில் கேனன் உண்டு. அதில் துளைக்குப் பதில் ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சுருக்கமாக: மைக் என்பது கிணறு, அதற்குப் பம்ப் வேண்டும். கீபோர்டும் போனும் ஏரி, பம்ப் வேண்டாம். பெட்டியில் உள்ள எண் இரண்டையும் சேர்த்து எண்ணியது.

கெயினும் ஃபேடரும்

மிக்ஸரில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுவது இந்த இரண்டும்தான். சேனலின் உச்சியில் ‘கெயின்’ என்று ஒரு திருகு இருக்கும். அடியில் மேலும் கீழும் தள்ளும் ‘ஃபேடர்’ இருக்கும். மிகச் சிறிய மிக்ஸர்களில் அதுவும் ஒரு திருகாகவே இருக்கும். இரண்டையும் கூட்டினால் சத்தம் கூடுகிறது. பிறகு எதற்கு இரண்டு?

கெயின் என்பது பம்பின் வேகம். ஃபேடர் என்பது மடை. கிணற்றிலிருந்து எவ்வளவு தூக்குவது என்பது ஒன்று, தூக்கியதில் எவ்வளவை விடுவது என்பது வேறொன்று.

பம்பை மிகையாக ஓட்டினால் வாய்க்கால் நிரம்பிக் கரையை உடைத்துக்கொண்டு ஓடும். மிக்ஸரில் இது எப்படி நடக்கிறது? ப்ரீஆம்ப் போன்ற மின்சுற்று தனக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தைவிட அதிகமாக வெளியே தர முடியாது. ஒலியலை அந்த எல்லையைத் தாண்ட முயன்றால் அதன் தலை தட்டையாக வெட்டப்படும். இதற்குக் ‘கிளிப்’ என்று பெயர். காதுக்கு அது கிழிந்த துணிபோலக் கரகரவென்று கேட்கும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்: கரகரப்பைக் கேட்டதும் ஃபேடரை இறக்குகிறார்கள். கரை உடைந்த இடம் மேலே இருக்கிறது, கீழே மடையை அடைத்து என்ன பயன்? வெட்டுப்பட்ட அலை அப்படியேதான் இருக்கும், இப்போது மெதுவாகக் கரகரக்கும், அவ்வளவுதான். இறக்க வேண்டியது கெயினை.

எதிர்த்திசையிலும் தவறு உண்டு. பயந்துகொண்டு கெயினை அடியில் வைத்துவிட்டு ஃபேடரை உச்சிக்குத் தள்ளுவது. மின்சுற்றின் ஒவ்வொரு பகுதியும் தன் பங்குக்கு உஸ்ஸென்று ஒரு மெல்லிய இரைச்சலைச் சேர்க்கும். குரலை ஆரம்பத்திலேயே நன்றாகத் தூக்கிவிட்டால் அந்த இரைச்சல் அதற்கு அடியில் மறைந்துவிடும். குரலைத் தாழவே விட்டுப் பிறகு தூக்கினால் இரைச்சலும் கூடவே ஏறிவரும்.

எனவே நிகழ்ச்சிக்கு முன் இதைச் செய்யுங்கள். பாடகரை மைக் முன் நிறுத்துங்கள். ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ’ வேண்டாம். அதை எல்லோரும் கூச்சத்தோடு மெல்லச் சொல்வார்கள். நாமாவளியின் உச்சத்தில் எப்படிப் பாடுவாரோ அப்படிப் பாடச் சொல்லுங்கள். ‘பீக்’ என்று எழுதிய சிவப்பு விளக்கு கண் சிமிட்டும்வரை கெயினைக் கூட்டுங்கள். சிமிட்டியதும் கொஞ்சம் பின்வாங்குங்கள். அதன் பிறகு அன்று முழுவதும் கெயினைத் தொட வேண்டாம். கூட்டுவதும் குறைப்பதும் ஃபேடரில் மட்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், மலிவு மிக்ஸரும் விலை உயர்ந்ததுபோல் ஒலிக்கும்.

மடைக்கு மேலே ஒரு கிளை

பாடுபவருக்குத் தன் குரல் கேட்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்து நிற்கும் ஸ்பீக்கர் அவருக்குப் பயன்படாது. அதனால் அவர் பக்கம் திருப்பி ஒரு சிறிய ஸ்பீக்கர் வைக்கிறோம், அதுதான் ‘மானிட்டர்’. அதற்குத் தனியாக ஒரு கலவை போக வேண்டும். ஆர்மோனியக்காரருக்குப் பாட்டு அதிகம் கேட்க வேண்டும், தபலா வேண்டாம். கூட்டத்துக்கு இரண்டும் வேண்டும்.

இந்தத் தனிக் கலவையை அனுப்பும் வழிக்கு ‘ஆக்ஸ்’ என்று பெயர். வாய்க்காலில் வெட்டிய கிளை அது. கிளையை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மடைக்கு மேலே வெட்டினால், மடையை அடைத்தாலும் கிளையில் தண்ணீர் ஓடும். மடைக்குக் கீழே வெட்டினால், மடையோடு சேர்ந்து கிளையும் கூடும், குறையும். முதலாவதன் பெயர் ‘ப்ரீ ஃபேடர்’, இரண்டாவது ‘போஸ்ட் ஃபேடர்’.

மானிட்டருக்கு ப்ரீ வேண்டும். இல்லையென்றால் கூட்டத்துக்காக நீங்கள் ஃபேடரை அசைக்கும்போதெல்லாம் பாடகருக்குக் கேட்பதும் மாறும், சுருதி விலகும், திட்டு உங்களுக்கு வரும். எக்கோவுக்குப் போஸ்ட் வேண்டும். இல்லையென்றால் குரலை மூடிய பிறகும் எக்கோ மட்டும் ஆவிபோல் சுற்றிக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஆக்ஸ் எண்ணிக்கை. மேலே சொன்ன எம்ஜி10எக்ஸ்யூவில் ஆக்ஸ் ஒன்றே ஒன்று. எக்கோவும் அதற்குள் அடக்கம். 12இல் இரண்டு, 16இல் நான்கு. ஒன்று மட்டும் இருந்தால் எக்கோவா மானிட்டரா என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்க வேண்டிவரும். என் தீர்ப்பு எப்போதும் மானிட்டர் பக்கம்தான். நம் கல்யாண மண்டபங்களில் சுவரே இலவசமாக எக்கோ தருகிறது.

ஊளை எங்கிருந்து வருகிறது

ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் புகுந்து, மிக்ஸர் வழியாக மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, மறுபடி மைக்குக்குள் புகும் சுழற்சிதான் அந்தக் ‘கூ’ என்ற ஊளை. ‘ஃபீட்பேக்’ என்பார்கள். கழனியில் பாய்ந்த தண்ணீர் ஊறிக் கிணற்றுக்கே திரும்பி வருவது போன்றது. கழனிக்கு அது நல்லது, மேடைக்குக் கெடுதல். நல்ல மிக்ஸர் வாங்கினால் ஊளை நின்றுவிடும் என்பது வீண் நம்பிக்கை. ஸ்பீக்கரை மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தின் பக்கம் தள்ளி வையுங்கள். பாடுபவர் மைக்கை நெருங்கிப் பாடட்டும். தேவையில்லாத மைக்கை மூடுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளை வராமல் நீங்கள் எட்டக்கூடிய சத்தம் ஏறக்குறைய 3 டெசிபெல் குறைகிறது. டெசிபெல் என்பது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அளவு. 3 என்பது காது உடனே உணரக்கூடிய வித்தியாசம்.

சேனல் காலியாக இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் மைக் வைக்கும் ஆசை பொல்லாதது. தெருக்கூத்தில் முகவீணைக்கு, அதாவது காதைத் துளைக்கும் அந்தச் சிறிய ஊதுகருவிக்கு, மைக் வைத்த இடத்தில் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் காதில் கூத்து நடந்துகொண்டிருந்தது.

இன்னும் சில திருகுகள்

‘+48வி’ என்ற பொத்தான் ஃபாண்டம் பவர். கண்டென்ஸர் வகை மைக்குக்கு மின்சாரம் தேவை. அதை மைக் ஒயர் வழியாகவே 48 வோல்ட்டாக அனுப்புவது இது. ஏன் 48? 1966இல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் மைக் செய்தபோது, அவர்களுடைய ஸ்டூடியோவில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. நார்வேயின் விளக்கு மின்சாரம் காட்பாடி மேடைவரை வந்துவிட்டது! எஸ்எம்58 போன்ற சாதாரண டைனமிக் மைக்குக்கு இது வேண்டாம்; சரியான கேனன் ஒயரில் இருந்தால் கெடுதலும் செய்யாது. ஃபேடரை இறக்கிவிட்டு அழுத்துங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று வெடிக்கும்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டும் பொத்தான் ஒன்று மைக் சேனலில் இருக்கும். குரல் மைக்கில் அதை எப்போதும் போட்டு வையுங்கள். மின்விசிறிக் காற்றும் மேடைப் பலகையில் நடக்கும் காலடியும் அதோடு போய்விடும்.

ஓயாத ‘ம்ம்’ ஒலி பெரும்பாலும் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான். கீபோர்டையும் மிக்ஸரையும் வெவ்வேறு மூலைப் பிளக்கில் செருகாமல் ஒரே பலகையிலிருந்து எடுத்தால் பாதி தீரும். சீரியல் விளக்கு ஒயரோடு மைக் ஒயரைச் சேர்த்துக் கட்டாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் தீரும்.

தொடுதிரையா, திருகா?

இப்போது திருகே இல்லாத மிக்ஸர்கள் வந்துவிட்டன. பெரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்றவற்றில் 16 மைக் ப்ரீஆம்ப், ஆறு ஆக்ஸ். எல்லாவற்றையும் டேப்லெட்டிலிருந்து வைஃபை மூலம் நகர்த்தலாம். ஒரு முறை அமைத்ததைச் சேமித்து வைக்கலாம். கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து கேட்டபடியே சரிசெய்யலாம் என்பது பெரிய வசதி. ஒரே ஆள் தொடர்ந்து ஒலியைக் கவனிக்கும் இசைக்குழுவுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒரு நாள் நான், ஒரு நாள் என் தம்பி, இன்னொரு நாள் யாராவது என்று நடக்கும் குழுவுக்குத் திருகுகளே நல்லது. ஒட்டுத்தாளில் ‘ஆர்மோனியம்’, ‘தபலா’ என்று எழுதி அடியில் ஒட்டிவிட்டால் யாரும் இயக்கலாம். இன்னொன்று நம் ஊர் வெயில். ஐபேடை 35 டிகிரி செல்சியஸுக்குள் பயன்படுத்தும்படி அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் வேலூரில் அது காலை பத்து மணி வெப்பம். பந்தலுக்குக் கீழே டேப்லெட் சூடாகித் தானே அணைந்துபோனால் நடுப்பாட்டில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

ஒரு தாளில் இரண்டு பத்தி கிழித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கிணறு, மற்றதில் ஏரி. எங்கள் குழுவுக்கு இரண்டாவது முறை நான் எழுதியது இது. கிணறு: பாடுபவர் இருவர், ஆர்மோனியம், தபலா, புல்லாங்குழல், ஆக ஐந்து. விருந்தினர் யாராவது வந்து பாட ஒன்று. மொத்தம் ஆறு. ஏரி: ஸ்டீரியோவில் கீபோர்டு, சுருதிக்குப் போன். மானிட்டருக்கு ஒரு ஆக்ஸ், எக்கோவுக்கு ஒன்று. இந்தத் தாளோடு பார்த்தால் ஆறு மைக், இரண்டு ஸ்டீரியோ லைன், இரண்டு ஆக்ஸ் உள்ள மிக்ஸர்தான் எங்கள் அளவு. கடை மொழியில் சொன்னால் ‘12 சேனல்’: ஆறு மைக் சேனல்களில் இரண்டை ஸ்டீரியோ லைனாகவும் பயன்படுத்தலாம் என்பதால் அவற்றையும் இரண்டிரண்டாக எண்ணுகிறார்கள். ஆறே பேருக்குப் பன்னிரண்டு என்று கேட்பவர்கள் சிரித்தார்கள். ஒரு சேனல்கூட மிச்சம் இல்லை.

கடைக்கு உங்கள் மைக்கையும் ஒரு ஹெட்ஃபோனையும் எடுத்துச் செல்லுங்கள். மைக்கைச் செருகி, கெயினை முக்கால்வாசி ஏற்றி, யாரும் பேசாதபோது கேளுங்கள். உஸ்ஸென்ற இரைச்சல் எவ்வளவு என்பது அப்போது தெரியும். எல்லாத் திருகுகளையும் ஒரு முறை மெல்லத் திருப்புங்கள். கரமுர என்றால் வேறு கேளுங்கள்.

பழைய எட்டு சேனல் மிக்ஸரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. பிறகு பக்கத்து ஊர்த் திரௌபதி அம்மன் கோவில் அக்னி வசந்த விழாவுக்குக் கேட்டார்கள். இரவில் கூத்து, அதற்கு அவர்கள் வேறு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பகலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியாருக்கு ஒரு மைக், பக்கத்தில் ஆர்மோனியத்துக்கு ஒரு மைக், சுருதிக்கு ஒரு பெட்டி. செருகிப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அங்கே போகிறது. ஒட்டுத்தாளில் ‘ஐயா’ என்றும் ‘பெட்டி’ என்றும் எழுதியிருக்கிறேன்.